சஸ்பென்ஷன் வேலைக்குப் பிறகு கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கால்), லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் பிடிக்கும் கை), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), புஷ் (மூட்டுக்குள் அமரும் ரப்பர் உறை) ஆகியவற்றில் எதையேனும் மாற்றிய பிறகு, அதுவரை நேராக ஓடிக்கொண்டிருந்த கார் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கினால், பெரும்பாலானோர் வண்டியை உடனே, சக்கரக் கோணங்களைத் திருத்தும் வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோய் விடுகின்றனர். அலைன்மென்ட் தேவைதான், ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. இறுகாத போல்ட்டோ, தலைகீழாக மாட்டிய பேரிங்கோ, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கோ உள்ள வண்டியில் கோணங்களை மட்டும் சரிசெய்தால், இயந்திரத்தின் திரையில் எண்கள் பச்சையாக மாறும். சாலையில் வண்டி முன்போலவே இழுக்கும்.

இழுவை என்பது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டின் விளைவு. இரு பக்கமும் ஒரே அளவில் பிசகியிருந்தால் டயர் தேயும், வண்டி தத்தளிக்கவும் கூடும். ஆனால் ஒரு பக்கமாக இழுக்காது. ஆகவே, வேலை நடந்தபோது எந்த இடத்தில் இரு பக்கமும் ஒன்றுபோல் அமையாமல் போயின என்பதையே தேட வேண்டும். அந்த வேறுபாடு சீராக ஓடும்போது தெரிகிறதா, பிரேக் போடும்போது தெரிகிறதா, திருப்பத்துக்குப் பிறகு தெரிகிறதா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தெரிகிறதா என்று பிரித்துப் பார்த்தாலே தேடல் பாதியாகச் சுருங்கிவிடும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

முதலில் சக்கர நட்டுகள், ஸ்ட்ரட்டை நக்கிளுடன் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் பாகம்) இணைக்கும் இரு போல்ட்டுகள், பால் ஜாயின்ட்டைக் கவ்வும் போல்ட், டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கின் அசைவை நக்கிளுக்குக் கடத்தும் தண்டின் முனை) நட், லோயர் ஆர்மின் உள்பக்கப் போல்ட்டுகள் ஆகியவற்றை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு, அந்த வாகனத்துக்குரிய கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இறுகாமல் இருந்தால், அது இழுவையைத் தாண்டி உயிருக்கே ஆபத்தான விஷயம். அதைச் சரிபார்க்காமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. வண்டியைத் தூக்கிப் பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் கை நீட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் டயர்கள் குளிர்ந்திருக்கும்போது ஒரே மானியால் அளக்க வேண்டும். காற்றுக் குறைந்த பக்கம் நோக்கி வண்டி இழுக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தது என்பதாலேயே பலர் அளக்காமல் விட்டுவிடுகின்றனர்.

ஓட்டிப் பார்ப்பதற்கு, போக்குவரத்து இல்லாத, நேரான, இயன்றவரை மட்டமான சாலை வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சற்றே சரிவாகவே அமைக்கப்படுகின்றன. ஆகவே நல்ல நிலையில் உள்ள வண்டியும் அந்தச் சரிவின் பக்கம் மெல்ல நகரும். பல தடங்கள் உள்ள ஒருவழிச் சாலையில் ஒருமுறை இட ஓரத் தடத்திலும், மறுமுறை வல ஓரத் தடத்திலும் ஓட்டிப் பாருங்கள். தடம் மாறும்போது இழுவையின் பக்கமும் மாறினால் காரணம் சாலையே. காற்றடிக்கும் நாளில், அதே சாலையில் எதிர்த்திசையிலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். தடத்தை விட்டு விலகாமல் ஸ்டீயரிங்கைத் தானே திருத்தும் உதவி வசதி வண்டியில் இருந்தால், சோதனை முடியும்வரை அதை அணைத்து வைக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுவதும் விட்டுவிடாமல், கைகளை அதைத் தொடும் தொலைவில் வைத்துக்கொண்டு பிடியை மட்டும் தளர்த்தினால் போதும்.

சீரான வேகத்தில், எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது

அதிகம் வரும் புகார் இது. காரணங்களும் இதற்கே அதிகம். செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவது நல்லது.

சஸ்பென்ஷன் வேலைக்காகச் சக்கரங்களைக் கழற்றியபோது, அவை பழைய இடத்திலேயே திரும்ப மாட்டப்பட்டனவா? ரேடியல் டயரின் உள்ளே உள்ள இழைப்பட்டை மையத்திலிருந்து சற்று விலகி அமைந்துவிட்டால், அந்த டயர் மிகச் சிறிய அளவில் கூம்பு போலச் செயல்பட்டு, உருளும்போது ஒரு பக்கமாகத் தள்ளும். பின்சக்கரத்தில் இருந்தவரை அது தெரியாது. முன்சக்கரத்துக்கு வந்ததும் தெரிந்துவிடும். பழைய புஷ்களின் தளர்ச்சியோடு நெடுநாள் ஓடி, ஒரு பக்கமாகத் தேய்ந்த டயரும் இதே வேலையைச் செய்யும். சஸ்பென்ஷன் புதியதாகிக் கோணம் நேரான பிறகும், டயர் மட்டும் பழைய கோணத்தின் தேய்மானத்தைச் சுமந்துகொண்டிருக்கும். முன்சக்கரங்கள் இரண்டையும் இடம்வலமாக மாற்றி மாட்டி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். இழுவை எதிர்ப்பக்கத்துக்கு மாறினாலோ, அடியோடு மறைந்தாலோ, குற்றவாளி டயர். மாறாமல் அப்படியே இருந்தால் டயரை மறந்துவிடலாம். ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயர்களை இப்படி மாற்றக் கூடாது. அவற்றை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மாற்றிப் பார்க்கலாம். வேலைக்கு விடும் முன்பே ஒவ்வொரு டயரிலும் சாக்குக்கட்டியால் அதன் இடத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு; அது பல சந்தேகங்களைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடும்.

டயர் இல்லை என்றால், அடுத்தது பிரேக். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது காலிப்பரை (பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கம்பியால் கட்டித் தொங்கவிடாமல், பிரேக் திரவக் குழாயான ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்தால், ஹோஸின் உட்சுவர் கிழிந்து மடிந்துவிடக் கூடும். மிதிக்கும்போது அழுத்தத்துடன் செல்லும் திரவம், விட்ட பிறகு திரும்பி வர வழியின்றி நின்றுவிடும். பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ஹோஸ் முறுக்கிய நிலையில் மாட்டப்பட்டிருந்தாலும் அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். இயன்றவரை பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, தொடாமல் அளக்கும் வெப்பமானியால் இரு முன்சக்கர டிஸ்க்குகளின் வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றொன்று கொதித்துக்கொண்டும் இருந்தால், சூடான பக்கமே இழுவையின் பக்கமாகவும் இருக்கும். வெறும் விரலால் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்ப்பதும் பயன்படும். சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது காலிப்பரின் காற்று வெளியேற்றும் திருகைச் சற்றே தளர்த்தியதும் அது விடுபட்டால், ஹோஸோ அதற்கு மேலுள்ள பகுதியோ பழுது. அப்போதும் விடுபடாவிட்டால் காலிப்பரே சிக்கியிருக்கிறது.

டயரும் பிரேக்கும் தேறிவிட்டால் கோணங்களுக்கு வரலாம். முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேற்பகுதி அதிகமாக வெளியே சாய்ந்த பக்கம் நோக்கி வண்டி இழுக்கும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். அந்தச் சாய்வு குறைவாக உள்ள பக்கம் நோக்கி வண்டி இழுக்கும். இரு பக்கங்களுக்கும் இடையே கேம்பரில் அரை டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தாலே இழுவையைக் கையில் உணரலாம். காஸ்டரில் அதே உணர்வு வரச் சற்றுக் கூடுதல் வேறுபாடு தேவைப்படும்.

ஸ்ட்ரட் மாற்றிய வண்டியில் கேம்பர் எப்படிப் பிசகுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பல வண்டிகளில் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி இரண்டு போல்ட்டுகளால் நக்கிளுடன் இணைகிறது. துளைக்கும் போல்ட்டுக்கும் இடையே சிறிதளவு இடைவெளி இருக்கும். இரு போல்ட்டுகளுக்கும் நடுவே 60 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றின் இடத்தில் நக்கிள் வெறும் 1 மி.மீ. நகர்ந்தாலே கேம்பர் ஏறத்தாழ 1 டிகிரி மாறிவிடுகிறது. சக்கரம் இல்லாமல் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கும்போது, நக்கிளும் டிஸ்க்கும் தம் எடையால் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இடப்பக்கத்தில் ஒருவிதமாகவும் வலப்பக்கத்தில் வேறுவிதமாகவும் சாய்ந்திருந்தால், இழுவை அந்த இடத்திலேயே பிறந்துவிடுகிறது. சில வண்டிகளில் அந்தப் போல்ட்டுகளில் ஒன்றே கேம்பரைத் திருத்துவதற்கான வட்டவிலகல் போல்ட்டாக (திருப்பினால் நக்கிளைப் பக்கவாட்டில் நகர்த்தும், மையம் விலகிய போல்ட்) இருக்கும். பழைய நிலையைக் குறிக்காமல் கழற்றியிருந்தால் அது எங்கு நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. சரிசெய்ய, போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, டிஸ்க்கின் மேற்பகுதியைத் தேவையான பக்கம் தள்ளிப் பிடித்தபடி மீண்டும் இறுக்க வேண்டும். இரு பக்கமும் உள்நோக்கியோ, இரு பக்கமும் வெளிநோக்கியோ, எல்லைவரை தள்ளி இறுக்குவது, அலைன்மென்ட்டுக்கு முன்பான நல்ல தற்காலிக நிலை.

வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க, மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சக்கரத்தின் பக்கத்தில் தூக்குநூல் குண்டைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளக்கலாம். இரு புள்ளிகளுக்கும் இடையே 400 மி.மீ. உயரம் இருந்தால், 7 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரிக்குச் சமம். இம்முறையின் துல்லியம் இயந்திரத்துக்கு ஈடாகாது; ஆனால் ஒரு பக்கம் 2 மி.மீ., மறுபக்கம் 9 மி.மீ. என்று வந்தால் அதை மறுக்க வழியில்லை.

காஸ்டர் பிசகுவதற்குப் பெரும்பாலும் லோயர் ஆர்மே காரணம். இட ஆர்மும் வல ஆர்மும் மாறிப்போவது அரிது. ஆனால் ஆர்மின் பின்புறப் புஷ் சரியான திசையில் அழுத்தப்படாமல், அதன் ரப்பரில் உள்ள வெற்றிடங்கள் தவறான பக்கம் அமைந்துவிடுவது அவ்வளவு அரிதல்ல. ஸ்ட்ரட்டின் மேல்முனையைக் காரின் உடலோடு இணைக்கும், மையம் விலகிய துளை உடைய மேல் மவுண்டுகளிலும் இதே கதைதான். அம்புக்குறியோ பக்கக் குறியோ இருந்தால், அது எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்தே மாட்ட வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் அளந்துவிடுங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்புவரை உயரத்தை நான்கு மூலைகளிலும் எடுங்கள். முன்பக்கம் இரண்டுக்கும் இடையே 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஸ்பிரிங் முனை அதன் படியில் சரியாக உட்காரவில்லை, அல்லது இடத்துக்கும் வலத்துக்கும் வெவ்வேறு எண் கொண்ட ஸ்பிரிங்குகள் மாறிவிட்டன, அல்லது புஷ் போல்ட்டுகள் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கப்பட்டன. மூன்றாவது தவறு மிகப் பரவலானது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டியே இருக்கும். போல்ட்டை இறுக்கிய நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கப்பட்டு, அந்த மூலையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். விரைவில் கிழியவும் செய்யும். வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்படி சாய்தளத்தில் ஏற்றி, அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, மறுபடியும் அளவுக்கு இறுக்கினால் போதும். இதை மட்டும் செய்து இழுவை நின்றுபோன வண்டிகள் உண்டு.

கடைசியாகத் திருப்பிய பக்கத்துக்கே இழுக்கிறது

இடப்பக்கம் திரும்பிவிட்டு நேர்ச்சாலைக்கு வந்தால் இடமாகவும், வலப்பக்கம் திரும்பிவிட்டு வந்தால் வலமாகவும் வண்டி இழுக்கிறது என்றால், அலைன்மென்ட் பக்கமே போக வேண்டாம். கோணம் இப்படிப் பக்கம் மாறாது. எங்கோ ஒரு மூட்டு இறுக்கமாகி, ஸ்டீயரிங் தானாக மையத்துக்குத் திரும்புவதைத் தடுக்கிறது.

என் காரிலேயே இது நேர்ந்தது. இரு முன் ஸ்ட்ரட்டுகளும் மாற்றிய பிறகு, இருமுறை அலைன்மென்ட் செய்யப்பட்டது; இருமுறையும் தாள் சுத்தமாக வந்தது; இழுவை மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ஒருவரை உள்ளே அமர்த்தி ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லி, சுருள்களின் இடுக்கில் விரல் போகாதபடி ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வலப்பக்க ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோடு சேர்ந்து வழுவழுப்பாகச் சுழன்றது. இடப்பக்கத்தில் ஸ்பிரிங் முதலில் அசையவில்லை; முறுக்கம் ஏறிக்கொண்டே வந்து, ‘டொக்’ என்ற ஒலியுடன் கையில் ஒரு குதி குதித்தது. கழற்றிப் பார்த்தபோது, மேல் மவுண்டுக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பேரிங் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. அதன் ரப்பர் உதடு மென்று துப்பியதுபோல் கிழிந்து, கருத்த கிரீஸ் வெளியே பிதுங்கி நின்றது. பேரிங் விலை, அந்த இரண்டு அலைன்மென்ட்டுக்கான செலவைவிடக் குறைவு.

பேரிங் நன்றாக இருந்தால், முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, டை ராட் எண்ட்டைப் பிரித்துவிட்டு, நக்கிளைக் கையால் திருப்பிப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால் பால் ஜாயின்ட். நக்கிள் இலகுவாகத் திரும்பி, ஸ்டீயரிங் மட்டும் கனத்தால் ரேக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவல அசைவாக மாற்றும் பற்சட்டம்) அல்லது ஸ்டீயரிங் தண்டின் மூட்டு.

வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கிறது

இது இழுவையே அல்ல. ஆனால் இழுவை என்றே பலர் புகார் சொல்கின்றனர். பிடியைத் தளர்த்தியும் வண்டி நேராகப் போனால், பிழை டோவில், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவில், இருக்கிறது. முன்சக்கரங்களின் டோ பிசகினால், ஓடும்போது அப்பிழை இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டு, ஸ்டீயரிங் மட்டும் சாய்ந்து நிற்கும். ஒரு டை ராட் எண்ட்டை மட்டும் மாற்றிய பிறகு இது வருவது இயல்பு. பின்சக்கர வேலைக்குப் பிறகு வந்திருந்தால், பின்சக்கரங்கள் வண்டியின் நடுக்கோட்டுக்குச் சாய்வாகத் தள்ளுகின்றன. அப்போது பின்பக்கத்தை முதலில் திருத்தாமல் முன்பக்கத்தைத் தொட்டுப் பயனில்லை.

பிரேக் போடும்போது மட்டும் இழுக்கிறது

பிரேக் வலுவாகப் பிடிக்கும் பக்கம் நோக்கி வண்டி இழுக்கும். அதாவது வலமாக இழுத்தால் பழுது இடப்பக்கக் காலிப்பரில் இருக்கவும் கூடும். வேலையின்போது டிஸ்க்கிலோ பேடிலோ கிரீஸ் பட்டிருக்கலாம், காலிப்பரின் நகரும் ஊசிகள் உலர்ந்து சிக்கியிருக்கலாம், ஹோஸைப் பிரித்திருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கலாம். கிரீஸ் ஊறிய பேடைத் துடைத்துப் பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுவதே முறை.

பிரேக் சரியாக இருந்தும் இழுத்தால், லோயர் ஆர்மின் பின்புறப் புஷ்ஷைப் பாருங்கள். பிரேக்கின் விசை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. புஷ் தளர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் சில மி.மீ. பின்னே போய், அக்கணத்தில் காஸ்டரும் டோவும் மாறுகின்றன. சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, புஷ் அருகே நெம்புகோலை வைத்து அசைத்தால் தெரிந்துவிடும்.

மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம்

முன்சக்கரங்களால் ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமும், காலை எடுத்ததும் மறுபக்கமும் தாவினால், ஆர்ம் போல்ட்டோ சப்ஃபிரேம் (லோயர் ஆர்ம்கள் பொருந்தும் அடிச்சட்டம்) போல்ட்டோ இறுகவில்லை என்றே கொள்ள வேண்டும். ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் சரிபார்க்க வேண்டிய அறிகுறி இது. பலமாக மிதிக்கும்போது மட்டும், எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், இன்ஜினின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட்டுகள் நீளத்தில் சமமில்லாமல் உள்ள வண்டிகளில் அது ஓரளவு இயல்பே. வேலைக்குப் பிறகு கூடியிருந்தால், இன்ஜின் மவுண்ட் இடம்மாறி ஷாஃப்ட்டுகளின் கோணம் மாறியதா என்று பார்க்கலாம்.

பின்சக்கர ஆர்ம்களின் புஷ் தளர்ந்திருந்தால், முன்னால் இழுப்பதுபோல் இல்லாமல், வண்டியின் பின்பகுதி தானே திருப்புவதுபோல் தோன்றும். இந்த உணர்வை ஒருமுறை அறிந்தவர் மறுமுறை குழம்ப மாட்டார்.

அலைன்மென்ட் தாளை எப்படிப் படிப்பது

மேலே சொன்னவை எல்லாம் முடிந்த பிறகே அலைன்மென்ட். அதிலும் பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு. கேம்பரும் காஸ்டரும் முதலில், டோ கடைசியில். கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது.

தாளில் பச்சை நிறம் சொல்வதெல்லாம், அந்த எண் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறது என்பதை மட்டுமே. கேம்பரின் எல்லை −1.0 முதல் +0.5 டிகிரி வரை என்றும், இடது +0.4, வலது −0.8 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் பச்சை. ஆனால் இடையே 1.2 டிகிரி வேறுபாடு. வண்டி இடமாக இழுத்தே தீரும். ஆகவே இரு பக்க வேறுபாட்டையும் தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது நீங்களே கழித்துப் பாருங்கள். எண்கள் எந்த அலகில் உள்ளன என்பதையும் கவனிக்க வேண்டும்: 0°30′ என்றால் அரை டிகிரி, 0.30° என்றால் 18 நிமிடம் மட்டுமே. இரண்டையும் ஒன்றாக நினைத்துச் செய்த திருத்தம், பிழையைக் கூட்டிவிடும்.

திருத்த முடியாத அளவுக்குக் கேம்பர் பிசகியிருந்தால், ஸ்டீயரிங் அச்சின் உட்சாய்வையும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) அளக்கச் சொல்ல வேண்டும். உட்சாய்வு இரு பக்கமும் சமமாக இருந்து கேம்பர் மட்டும் மாறியிருந்தால், பிழை நக்கிளிலோ ஸ்ட்ரட்டிலோ, அவற்றை இணைக்கும் போல்ட்டுகளிலோ இருக்கிறது. ஒரு பக்கத்தில் கேம்பர் கூடி உட்சாய்வு குறைந்து, மறுபக்கத்தில் கேம்பர் குறைந்து உட்சாய்வு கூடியிருந்தால், சப்ஃபிரேம் முழுவதுமே பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. ஆர்ம் மாற்றுவதற்காக அதை இறக்கியவர், மையப்படுத்தாமல் ஏற்றிவிட்டார் என்று பொருள். போல்ட்டுகளைத் தளர்த்தி, வாஷர்கள் முன்பு இருந்த தடத்தைப் பார்த்து, அதை நகர்த்தி மீண்டும் இறுக்கினால் இரு பக்கமும் ஒருங்கே சரியாகும். கோணம் மாற்றும் தனிப் போல்ட்டுகளை வாங்கி மாட்டுவது இங்கே தேவையற்ற செலவு.

கோணங்கள் சமமாகி, டயரும் பிரேக்கும் தேறி, இன்னும் இழுக்கும் வண்டியில் மின்சார பவர் ஸ்டீயரிங் இருந்தால், அதன் கோண உணரி மையத்தை ஸ்கேனர் மூலம் மறுபடியும் பதிவுசெய்ய வேண்டும். உணரி மையம் என்று கருதும் இடம் உண்மையான மையத்திலிருந்து விலகியிருந்தால், மோட்டாரே ஒரு பக்கம் தள்ளக்கூடும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில், முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து இன்ஜினை இயக்கும்போது ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் திரும்பினால், அதன் வால்வில் பழுது.

எல்லாம் முடிந்ததும், தொட்ட ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து அதன் இருக்கைவரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், கோடு எங்கே முறிந்திருக்கிறதோ அந்தப் போல்ட் அசைந்திருக்கிறது.